ஒரு கடலோரக் கல்லூரியின் குப்பையும் குடிநீரும்: நிகழ்வு ஆய்வு

இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் போகும் சாலையோரம் உள்ள ஒரு சுயநிதிக் கலை அறிவியல் கல்லூரியில் இரண்டு கல்வியாண்டுகளில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். கல்லூரியின் பெயரையும் ஆட்களின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். அங்கே அமைக்கப்பட்ட பசுமை வளாகக் குழுவில் இருந்த ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. இதே வேலையை வேறொரு கல்லூரியிலோ அலுவலகத்திலோ தொடங்கப் போகிறவர்களை மனத்தில் வைத்து எழுதுவதால், கைகூடியதோடு கைகூடாததையும் சேர்த்தே சொல்கிறேன்.

பின்னணி

கல்லூரி இருப்பது மணல் மேட்டில். வடக்கே பாக் விரிகுடா, சாலையைத் தாண்டித் தெற்கே போனால் மன்னார் வளைகுடா. வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. பவளப்பாறை, கடற்புல், கடல்பசு என்று எங்கள் மாணவர்கள் பாடத்தில் படிப்பதெல்லாம் பக்கத்திலேயே இருக்கிறது. அவர்களில் பாதிப் பேர் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், வேதாளைப் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். வலையில் மீனோடு கவரும் பாட்டிலும் வருவதை அப்பாவோ அண்ணனோ சொல்லிக் கேட்டவர்கள். மீதிப் பேர் கமுதி, முதுகுளத்தூர், பரமக்குடிப் பக்கம். அவர்களில் பெண் பிள்ளைகள் பெரும்பாலும் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள்.

ஆனி, ஆடியில் கச்சான் காற்று கிளம்பினால் வளாகத்தில் கிடக்கும் லேசான பொருள் எதுவும் இடத்தில் நிற்காது. விடுதிக்குப் பின்னால் இருந்த குப்பைக் குழியிலிருந்து பறந்த கவர்கள் வேலியோரச் சீமைக்கருவேல் முள்ளில் மாட்டிக்கொண்டு ஆண்டு முழுக்கத் தொங்கின. மாட்டாதவை கடலுக்குப் போயின.

குழு அமைந்ததற்கு உடனடிக் காரணம், கல்லூரிகளின் தரத்தைப் பார்க்கும் தேசிய அமைப்பான நாக் செய்யும் மதிப்பீடு. அதன் ஏழாவது அளவுகோல் மாற்று எரிசக்தி, கழிவு மேலாண்மை, நீர் சேமிப்பு, பசுமைத் தணிக்கை எல்லாவற்றையும் கேட்டது. அதுவரை கல்லூரியில் நடந்தது ஜூலை மாதம் மரக்கன்று நடுவதும், ஜூன் 5 அன்று உறுதிமொழி எடுப்பதும், அதைப் படம் பிடித்து வைப்பதும்தான். நட்ட கன்றுகள் புரட்டாசிக்குள் கருகிவிடும். இங்கே மழை ஐப்பசியில்தான் வரும். ஜூலையில் மணலில் நட்டால் மூன்று மாதம் உப்புக் காற்றையும் வெயிலையும் அந்தக் கன்று தனியாகத் தாங்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் வனமகோற்சவ வாரம் ஜூலையில் வருவதால் ஜூலையிலேயே நட்டோம்.

குழுவில் தாவரவியல், இயற்பியல், வணிகவியல் ஆசிரியர்கள், விடுதி வார்டன், அலுவலகக் கணக்காளர் இருந்தார்கள். கணக்காளரைச் சேர்த்தது வணிகவியல் ஆசிரியரின் யோசனை. அது எவ்வளவு பெரிய வேலை செய்தது என்பது பின்னால் வரும்.

முதல் சில மாதங்களில் கண்டவை

நிர்வாகம் முதலில் கூரையில் சூரிய ஒளித் தகடுகள் போட விரும்பியது. கமுதியில் 2016-இல் தொடங்கிய 648 மெகாவாட் நிலையத்துக்கு மாணவர்களை அழைத்துப் போய் வந்த பிறகு அந்த ஆசை இன்னும் கூடியது. அது நல்ல முதலீடுதான். ஆனால் வளாகத்தில் எது எவ்வளவு வீணாகிறது என்று தெரியாமல் பெரிய பணத்தைக் கையில் எடுக்க வேண்டாம், முதலில் பார்ப்போம் என்று குழு கேட்டுக்கொண்டது.

ஆவணியில் ஒரு வாரம் விடுதிக்குப் பின்னால் தார்ப்பாய் விரித்து, அன்றன்று வந்த குப்பையை அதில் கொட்டிப் பிரித்தோம். கையுறை, முகக்கவசம், தராசு, ஒரு நோட்டு. வேலையைச் செய்தவர்கள் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களும் இரண்டாம் ஆண்டு மாணவிகளும். பட்டப்படிப்பில் எல்லோருக்கும் கட்டாயமான சுற்றுச்சூழல் பாடத்தில் களப்பணி உண்டு. வழக்கமாக எங்கள் பிள்ளைகள் யாரோ எழுதிய அறிக்கையைப் பார்த்து எழுதித் தருவார்கள். இந்த முறை குப்பையைப் பிரித்து எடைபோட்டு எழுதுவதே களப்பணி, அதற்கே மதிப்பெண் என்று துறைகள் ஒப்புக்கொண்டன. முதல் நாள் மூக்கைப் பொத்தியவர்கள் மூன்றாம் நாள் எந்தத் தளத்திலிருந்து எந்தக் கவர் வந்தது என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார்கள்.

எடையில் முதலிடம் சோறு. பருமனில் முதலிடம் தண்ணீர் பாட்டில். அதற்கடுத்து பார்சல் சாப்பாட்டு இலைக்கடியில் வைக்கும் பிளாஸ்டிக் தாள், சாம்பார் கவர், பிளாஸ்டிக் பூசிய காகித டீ கப். கடைசி மூன்றும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடையில் இருப்பவை. விடுதிக் குப்பையில் நாப்கின் தனியாக ஒரு பெரிய பங்கு. அதை யாரும் பேச விரும்பவில்லை. தூய்மைப் பணியாளர்கள் குழியில் போட்டு எரித்துக்கொண்டிருந்தார்கள்.

வளாகம் முழுக்கப் பச்சை, நீலம் என்று இரண்டு நிறக் குப்பைத் தொட்டிகள் முந்தைய ஆண்டே வைக்கப்பட்டிருந்தன. இரண்டிலும் எல்லாம் கலந்தே கிடந்தன. மாணவர்களுக்கு விழிப்புணர்வு போதாது என்று குழுக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தோம். தார்ப்பாயில் உட்கார்ந்து எங்களோடு பிரித்துக்கொண்டிருந்த மூத்த தூய்மைப் பணியாளரிடம் வார்டன் இதைச் சொன்னார். அவர் தலை நிமிராமலே பதில் சொன்னார்: "பிள்ளைக ஆரம்பத்துல ஒழுங்காத்தான் போட்டுச்சுக டீச்சர். கலர் கலரா ரெண்டு டப்பா வாங்குனீக. வண்டி ஒண்ணுதான இருக்கு? ரெண்டையும் ஒண்ணாத்தான் கொட்டுறோம். அதப் பாத்துட்டு அதுகளும் விட்டுருச்சுக."

உண்மை. தள்ளுவண்டி ஒன்று, குழி ஒன்று. பிரித்த குப்பை போய்ச் சேர இடமே இல்லாதபோது, பிரிக்கச் சொல்லிச் சுவரொட்டி ஒட்டியிருந்தோம். அன்றிலிருந்து அந்த அக்காவும் மெஸ் சமையல் மாஸ்டரும் குழுவின் கூட்டங்களுக்கு அழைக்கப்பட்டார்கள். கூட்ட நேரம் மாலை நான்கு மணியிலிருந்து பகல் பதினொன்றுக்கு மாறியது. நான்கு மணிக்கு அக்காவுக்கு வீட்டுக்குப் போகும் வண்டி, மாஸ்டருக்கு இரவுச் சமையல்.

சோறு ஏன் வீணாகிறது என்பதற்கும் மாஸ்டரிடமே பதில் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை பாதி விடுதி ஊருக்குப் போய்விடும். எத்தனை பேர் போகிறார்கள் என்று வார்டன் அலுவலகத்தில் கையெழுத்துப் பதிவேடு இருந்தது, ஆனால் அந்த எண்ணிக்கை சமையலறைக்கு வருவதில்லை. "கொறஞ்சிரக் கூடாதுல்ல சார்" என்று அவர் முழு எண்ணிக்கைக்கும் உலை வைத்தார். முன்பு மெஸ் கழுநீரையும் மிச்சச் சோற்றையும் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் மாட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார். வாளியில் கவர் கலந்து வரத் தொடங்கியதும், மாடு தின்றுவிடுமோ என்று பயந்து நிறுத்திவிட்டார். அதன் பிறகுதான் சோறும் குழிக்குப் போயிருக்கிறது.

தண்ணீர்

இந்தப் பகுதியில் எதைத் தொட்டாலும் கடைசியில் தண்ணீரில்தான் வந்து நிற்கும். பாட்டில் ஏன் இவ்வளவு வருகிறது என்று கேட்டபோதும் அப்படித்தான் ஆனது. வளாகத்தில் உப்பு நீக்கிக் குடிநீர் தரும் ஆர்.ஓ. இயந்திரம் இருந்தது. அதிலிருந்து இலவசமாகத் தண்ணீர் கிடைத்தது. இருந்தும் பிள்ளைகள் காசு கொடுத்து பாட்டில் வாங்கினார்கள். மாணவிகள் சொன்ன காரணங்கள் எளிமையானவை. குழாய் முதன்மைக் கட்டடத்தின் ஒரு கோடியில் இருந்தது. இடைவேளை பதினைந்து நிமிடம். வரிசையில் நின்றால் அது போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீர் மொட்டை மாடியில் கறுப்புத் தொட்டியில் நின்று மதியம் வாயில் வைக்க முடியாத சூட்டில் வந்தது. கேண்டீனில் ஜில்லென்று பாட்டில் கிடைத்தது.

இயற்பியல் துறை மாணவர்கள் நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரோடு வளாகம் முழுக்கச் சுற்றினார்கள். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர அளவு. எங்கள் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர் அந்த மேல் எல்லையையும் தாண்டியிருந்தது. ஆர்.ஓ. கழிவுநீரில் அதைப் போல இரண்டு மடங்குக்கு அருகில் இருந்தது. இது எதிர்பார்க்கக்கூடியதே: உள்ளே போகும் நீரில் பாதி நல்ல நீராக வெளியே வந்தால், ஏறக்குறைய மொத்த உப்பும் மீதிப் பாதியில் சேர்ந்துவிடும். அந்தக் கழிவுநீர் எங்கே போகிறது என்று குழாயைப் பிடித்துக்கொண்டே போனோம். போருக்குப் பக்கத்தில் இருந்த உறிஞ்சு குழியில் முடிந்தது. எடுத்த உப்பை, எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னும் கெட்டியாக்கி இறக்கிக்கொண்டிருந்தோம். குழியோரம் நின்ற வேப்பமரங்களின் இலை நுனிகள் காய்ந்து பழுப்பாக இருந்தன.

போரைப் பற்றிப் பேச்சு வந்தபோது தூய்மைப் பணியாளர் அக்கா இன்னொரு விஷயம் சொன்னார். அவர் கடலோரக் குடியிருப்பைச் சேர்ந்தவர். அவர்கள் ஊரில் இன்றும் மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் கோரிக் குடத்தை நிரப்புகிறார்கள். கடல் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்க, ஊற்றில் நல்ல தண்ணீர். "ஊறுறதத்தான் எடுக்கணும். ஆழமாப் போனா உப்பு ஏறிரும்" என்றார். கல்லூரி அதற்கு நேர்மாறாகச் செய்திருந்தது. தண்ணீர் உப்பானபோதெல்லாம் போரை ஆழப்படுத்தியிருந்தார்கள்.

அவர் சொன்னதுதான் கடலோர நிலத்தடி நீரின் இயல்பு. மணலில் இறங்கும் மழைநீர், எடை குறைவு என்பதால், அடியில் கிடக்கும் உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கும். நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி இருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் மேலே ஓர் அடி இறங்கினால் கீழிருந்து உப்பு 40 அடி வரை ஏறி வரும். பெரிய மோட்டாரால் ஆழத்திலிருந்து இழுப்பது உப்பைக் கூப்பிடுவதற்குச் சமம். புவியியல் படித்தவர்கள் எங்கள் கல்லூரியில் இருக்கிறார்கள். ஆனால் போர் போடும்போது யாரும் அவர்களைக் கேட்கவில்லை, அந்த அக்காவையும் கேட்கவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பிரச்சாரத்தை அந்த ஆண்டுக்கு நிறுத்திவைத்தோம். ஏற்பாட்டை மாற்றாமல் பிள்ளைகளிடம் பேசுவதில் பயனில்லை என்று தார்ப்பாய் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

முதலில் இரண்டாவது தள்ளுவண்டியும், பூட்டும் கதவும் உள்ள ஒரு சிறு அறையும். காய்ந்த குப்பையில் விலை போகும் பாட்டில், அட்டை, பேப்பரைப் பழைய பொருள் கடைக்கு விற்று வரும் பணம் தூய்மைப் பணியாளர்களுக்கே என்று முடிவு செய்தோம். அவர்களை அனுப்பும் ஒப்பந்த நிறுவனம், இது தங்கள் கணக்கில் வர வேண்டும் என்று தடை சொன்னது. இதை வாய்ப்பேச்சில் விட்டிருந்தால் அடுத்த மேற்பார்வையாளர் வந்ததும் காணாமல் போயிருக்கும். முதல்வர் கையெழுத்திட்டு ஒப்பந்தத்தில் ஒரு பத்தியாகச் சேர்த்தார்.

மட்காத, விலையும் போகாத சிப்ஸ் கவர் வகையறாவை வாரம் ஒருமுறை ஊராட்சியின் தூய்மைக் காவலர்களிடம் கொடுக்கப் பேசினோம். மட்கும் குப்பையை, 5,000 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள நிறுவனங்கள் கூடுமானவரை வளாகத்துக்குள்ளேயே பதப்படுத்த வேண்டும் என்று அப்போதிருந்த 2016-இன் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. இதற்கு ஒரு நிறுவனம் சாண எரிவாயுக் கலன் மாதிரியில் உணவுக் கழிவுக் கலனுக்கு விலை கொடுத்தது. வேண்டாம் என்றோம். கலனுக்குத் தினமும் ஒரே அளவு தீனி வேண்டும். எங்கள் விடுதி தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கோடைக்கும் காலியாகிவிடும், உள்ளே நுண்ணுயிர்கள் பட்டினி கிடந்து செத்துப்போகும். அதற்குப் பதில், மாலை ஐந்து மணிக்குள் அன்றிரவு சாப்பிடுவோர் எண்ணிக்கை வார்டன் அறையிலிருந்து சமையலறைப் பலகையில் எழுதப்பட வேண்டும் என்று வைத்தோம். கவர் கலக்காத வாளியைக் காட்டி மாட்டுக்காரரைத் திரும்பக் கூப்பிட்டோம். காய்கறித் தோலும் இலைச் சருகும் மட்டும் உரக்குழிக்கு.

கேண்டீன் விஷயம் நுட்பமானது. ஒப்பந்தக்காரருக்கு டீயிலும் வடையிலும் லாபம் குறைவு, பாட்டில் தண்ணீரில்தான் கையில் காசு நிற்கும். ஆண்டு நடுவில் தடை போட்டால் அவர் நஷ்டப்படுவார், அல்லது மேசைக்கடியில் வைத்து விற்பார். அவரே நேராகச் சொன்னார்: "வாடகைய கொஞ்சம் கொறைங்க சார், நான் பாட்டில நிறுத்திர்றேன். ரெண்டும் சேந்தா எனக்குக் கட்டுப்படியாகாது." நிர்வாகம் முதலில் மறுத்தது. அந்த வாடகைக் குறைப்பு, கருத்தரங்குகளுக்கு நாமே வாங்கும் பாட்டில் செலவைவிடக் குறைவு என்று கணக்காளர் பழைய பில்களை எடுத்துக் காட்டினார். சரி என்றார்கள். ஆனால் ஜூனில் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதுதான் மாற்றுவது, அதற்குள் குழாய்த் தண்ணீரைச் சரிசெய்துவிடுவது என்று வரிசைப்படுத்திக்கொண்டோம். நல்ல தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் பாட்டிலை நிறுத்தினால் அது பிள்ளைகளைத் தாகத்தில் விடுவதாகும். இந்த வெயிலில் அதைச் செய்ய யாருக்கும் உரிமை இல்லை.

தண்ணீரில் செய்தவை: ஆர்.ஓ. நீர்த் தொட்டியை மாடியிலிருந்து இறக்கிப் படிக்கட்டுக்கடி நிழலில் வைத்து, சிறு மோட்டாரில் ஒவ்வொரு தளத்துக்கும் குழாய் இழுத்தோம். கழிவுநீரைத் தனித் தொட்டிக்கு மாற்றிக் கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் மட்டும் கொடுத்தோம். செடிக்கு ஒரு சொட்டும் கூடாது. போரை மேலும் ஆழப்படுத்தும் விலைப்புள்ளியைத் திருப்பி அனுப்பிவிட்டு, மூடிக்கிடந்த பழைய திறந்த கிணற்றைத் தூர்வாரி, குறைந்த குதிரைத்திறன் மோட்டாரைக் காலை ஒரு முறை, மாலை ஒரு முறை கொஞ்ச நேரம் ஓட்டுவது என்று வைத்தோம். 2003 முதல் கட்டாயமான மழைநீர்க் கட்டமைப்பு எங்கள் கட்டடத்திலும் இருந்தது. அதன் குழியில் கட்டட வேலை மிச்சம் நிரம்பியிருந்தது. அதைத் தோண்டி எடுத்துக் கூரைக் குழாய்களை ஒரு கீழ்நிலைத் தொட்டியோடும், நிரம்பி வழிவதைக் கிணற்றோரக் குழியோடும் இணைத்தோம்.

கணக்காளர் எடுத்த முடிவு ஒரே வரி. தண்ணீர் பாட்டில், தடைசெய்யப்பட்ட கப், ஃபிளெக்ஸ் பேனர் உள்ள பில் பாஸ் ஆகாது.

பிறகு நடந்தது

வடகிழக்குப் பருவமழைக்கு முன் குழாய் வேலை முடிந்தது. இந்த மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அதையொட்டியும் பெய்துவிடும். ஆயிரம் சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தபோது மாணவிகளுக்கே நம்ப முடியவில்லை. முதல் மழையை, கூரையில் படிந்த உப்பும் தூசியும் பறவை எச்சமும் போகட்டும் என்று வெளியே விட்டோம். தொட்டி கூரை தரும் நீரில் சிறு பங்கைத்தான் பிடித்தது, மீதி மணலுக்குள் போனது. மாசி வரை ஆர்.ஓ. ஓடிய நேரம் நன்றாகக் குறைந்தது. பங்குனி, சித்திரையில் பழையபடி லாரித் தண்ணீர் வாங்க வேண்டியிருந்தது. திறந்த கிணற்றின் உப்பு அந்தக் கோடையில் போரைவிடக் குறைவாகவே நின்றது. போர் தண்ணீர் மாறியதா என்று சொல்ல இரண்டு ஆண்டு போதாது.

நிழலுக்கு வந்த தண்ணீர் பிள்ளைகளை உடனே ஈர்த்தது. நடுவில் மானாமதுரை மண்பானைகளைத் தளத்துக்கு இரண்டாக வைத்தோம். எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் இத்தனை பேர் மொண்டு குடிக்கும் பானையைத் தினமும் கழுவ வேண்டும், அது முழுவதும் தூய்மைப் பணியாளர்கள் தலையில் விழுந்தது. அடியில் பாசி பிடித்ததும் அவர்கள் கேட்டுக்கொண்டபடி எடுத்துவிட்டோம். ஆசிரியர் அறையில் மட்டும், ஆசிரியர்களே கழுவுவது என்ற பேச்சில், இன்றும் இருக்கிறது.

ஜூனில் கேண்டீனில் பாட்டில் நின்றது. ஒப்பந்தக்காரர் எவர்சில்வர் டம்ளரில் மோரும் நன்னாரி சர்பத்தும் வைத்து இழப்பின் ஒரு பகுதியை ஈடுகட்டிக்கொண்டார். முதல் சில வாரம் சாலையோரக் கடையிலிருந்து பாட்டில் வந்தது. போகப் போகக் குறைந்தது, முழுவதும் நிற்கவில்லை.

பில் விதிக்கு முதல் சோதனை மாநில அளவிலான ஒரு கருத்தரங்கில் வந்தது. மேடை விருந்தினர்களுக்கென்று நிர்வாக அலுவலகமே பாட்டில் வாங்கியது. கணக்காளர் பில்லை நிறுத்திவைத்தார். முதல்வர் ஒருமுறை மட்டும் என்று அனுமதித்தார். அடுத்த மாதமே மூன்று துறைகள் அதே விலக்கைக் கேட்டன. அப்புறம், விலக்கு வேண்டுமென்றால் துறைத்தலைவர் காரணத்தை எழுதி முதல்வரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று ஆனது. எழுத வேண்டும் என்றதுமே கேட்பது நின்றுவிட்டது. எத்தனையோ உறுதிமொழிகள் சாதிக்காததை இந்த ஒரு நடைமுறை சாதித்தது என்பது என் கருத்து. கருத்தரங்குப் பைக்குப் பதில் சாயல்குடிப் பக்கத்துப் பெண்கள் முடைந்த ஓலைப் பெட்டிகள் வாங்கியதும் இதே வழியில் வந்ததுதான்.

மெஸ் பலகை நன்றாக வேலை செய்தது. வெள்ளிக்கிழமை மிச்சம் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. தேர்வுக் காலத்தில் வார்டன் அறையில் எண்ணிக்கை எழுதும் மாணவி விடுப்பில் போக, இரண்டு வாரம் பலகை காலியாக இருந்தது. வாளி மறுபடி நிரம்பியது. மாட்டுக்காரர் வந்துகொண்டிருக்கிறார்.

மரக்கன்று நடுவதை ஐப்பசிக்கு மாற்றினோம். ஆவணி, புரட்டாசியில் பொறுக்கிய பனங்கொட்டைகளை வேலியோரம் ஊன்றினோம், பூவரசும் புன்னையும் நட்டோம். எத்தனை பிழைத்தன என்று மாணவர்களே எண்ணி எழுதுகிறார்கள்.

மாணவி ஒருத்தியின் தந்தை அருகிலுள்ள கடல் உணவு பதப்படுத்தும் நிறுவனத்தில் மேற்பார்வையாளர். அவர் வந்து பார்த்துவிட்டு இரண்டு வண்டி முறையையும், விற்ற பணம் பிரிப்பவர்களுக்கே என்பதையும் தங்கள் இடத்தில் கொண்டுபோனார். அங்கே ஷிப்ட் மாறும் நேரத்தில் யார் பொறுப்பு என்பதில் சிக்கல் வந்து, பகல் ஷிப்டில் மட்டும் நிலைத்திருக்கிறது.

தீராமல் நிற்பது

நாப்கின். நிர்வாகம் எரியூட்டும் மின் இயந்திரம் ஒன்றை வாங்கி விடுதிக் கழிப்பறைக்கு வெளியே வைத்தது. புகை துணி காயும் கொடிக்கு வந்தது, மாணவிகள் அதன் பக்கம் போவதைத் தவிர்த்தார்கள். உப்புக் காற்றில் அதன் சுருள் அடிக்கடி பழுதாகிச் சில மாதத்தில் நின்றுவிட்டது. இப்போது மூடியுள்ள தொட்டி, சுற்றுவதற்குப் பழைய செய்தித்தாள், தனியாக எடுத்துக் குறியிட்டுக் கொடுப்பது என்ற அளவில் நிற்கிறோம். நன்றாகச் சுற்றித் தர வேண்டும் என்பது விதியிலும் உள்ளது. ஊராட்சி வண்டி வராத வாரத்தில் என்ன செய்வது என்பதற்குப் பதில் இல்லை, சில வாரங்களில் குழியில் எரிவது தொடர்கிறது. ஒரு பெண் மருத்துவர் வந்து துணி நாப்கின், மாதவிடாய்க் கப் பற்றி விளக்கினார். சிலர் மாறினார்கள். தண்ணீர் தட்டுப்பாடான விடுதியில், பத்துப் பேர் பார்க்கும் கொடியில் துணியை அலசிக் காயப்போடச் சொல்வது எளிதல்ல; அதைப் பிள்ளைகளின் மனமாற்றம் போதாமை என்று எழுத எனக்கு மனமில்லை.

மறுபடி செய்வதானால்

தூய்மைப் பணியாளரும் சமையல் மாஸ்டரும் கணக்காளரும் முதல் கூட்டத்திலேயே இருக்க வேண்டும், கூட்ட நேரம் அவர்களுக்கு ஒத்துவர வேண்டும், கூட்டத்தில் இருக்கும் நேரம் வேலை நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். எங்கள் இடத்தில் கடைசியாகச் சொன்னது இன்னும் எழுத்தில் வரவில்லை.

குப்பைக்கு முன் தண்ணீரை எடுப்பேன். இங்கே பாட்டில் குப்பையின் வேர் குடிநீரில் இருக்கிறது. அளவீட்டைத் தையிலும் சித்திரையிலும் எடுத்த பிறகே முதலீட்டைப் பற்றிப் பேச வேண்டும். மழை முடிந்த கையோடு அளந்தால் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். இயந்திரம் எதையும் வாங்குவதற்கு முன், உப்புக் காற்றில் யார் அதைப் பராமரிப்பார், விடுமுறையில் என்ன ஆகும் என்ற இரண்டு கேள்விக்கும் விற்பவரிடம் எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

பொறுப்பு ஆளோடு போய்விடாமல் இருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு நடுவில் இயற்பியல் ஆசிரியர் வேறு கல்லூரிக்குப் போனதும் டிடிஎஸ் பதிவு ஒரு பருவம் முழுக்க விட்டுப்போனது. இப்போது அந்த அளவீடு ஆய்வக உதவியாளரின் மாதாந்திர வேலைப் பட்டியலில் இருக்கிறது. மெஸ் பலகை எண்ணிக்கையும் வார்டனின் பணிக்குறிப்பில் சேர்க்கப்பட்டிருக்கிறது.

அடுத்த ஜூனில் தூய்மைப் பணி ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும். நாப்கின் கழிவைக் கையாளுபவர்களுக்குக் கையுறையும் தனி வண்டியும் கூடுதல் படியும் தர வேண்டும், வளாகத்தில் எதையும் எரிக்கக் கூடாது, ஊராட்சி வண்டி வராத வாரத்தில் மாவட்டத் தலைநகரிலுள்ள அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளருக்குக் கல்லூரிச் செலவில் அனுப்ப வேண்டும் என்று மூன்று பத்திகளைக் குழு எழுதிக் கொடுத்திருக்கிறது. முதல் இரண்டை நிர்வாகம் ஏற்றுக்கொண்டது. மூன்றாவதன் செலவைக் கணக்காளர் இப்போது திரட்டிக்கொண்டிருக்கிறார்.